பென்சிலால் போட்ட கோடு

“அன்னைக்கு எங்க பூட்டனுக்கு அது அநியாயம்னு தெரியாதா சார்?”

கேட்டது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை. நான் பதில் சொல்லவில்லை. “சரி, மணி அடிக்கப்போகுது, வகுப்புக்குப் போம்மா” என்றேன். மணி அடிக்க இன்னும் ஏழெட்டு நிமிடம் இருந்தது. அந்த ஏழெட்டு நிமிடத்தை இன்றுவரை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை.

பொங்கலை ஒட்டி எங்கள் பக்கத்து ஊர்களில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைப்பார்கள். விழா மேடையில் எங்கள் பள்ளிப் பிள்ளை ஒன்று ஐந்து நிமிடம் பேசும். பேச்சை எழுதி வாங்கிப் பார்த்து, திருத்தி, மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புவது வரலாற்று ஆசிரியர் என்ற முறையில் என் பொறுப்பு. அந்த வருஷம் அந்தப் பிள்ளை நான்கு பக்கம் எழுதி வந்தது. முதல் இரண்டரைப் பக்கம் அணை. 1886-இல் திருவிதாங்கூரோடு போட்ட ஒப்பந்தம், 1887-இல் தொடங்கிய வேலை, காட்டு வெள்ளம், காய்ச்சல், 1895 அக்டோபர் 10 அன்று கவர்னர் வென்லாக் வந்து திறந்துவைத்தது என்று எல்லாம் சரியாக இருந்தது. மேற்கே போய்க் கடலில் விழுந்த ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய மனிதரைப் பற்றி, திருத்த ஒன்றுமில்லாத அளவுக்கு நன்றாக எழுதியிருந்தது.

மூன்றாம் பக்கத்து நடுவில் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அந்தப் பகுதியை அப்படியே நினைவிலிருந்து எழுதுகிறேன், சொல் மாறியிருக்காது.

“என் அப்பத்தா உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தது. வாக்கப்பட்டு வந்த பிறகுதான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்தது. அப்பத்தாவுடைய அய்யா தினமும் இருட்டும் முன்பே போலீஸ் கச்சேரிக்குப் போய்ப் பெருவிரலை மையில் உருட்டி வைத்துவிட்டு அங்கேயே படுக்க வேண்டும். சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கும் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அவர் எதுவும் திருடியதில்லை. அப்பத்தா அப்போது ஆறு வயதுப் பிள்ளை. தூக்குவாளியில் கேப்பைக்களி கொண்டுபோகும். மை இடது கையில்தான் இருக்கும். ஆனாலும் அவர் வலது கையாலும் சாப்பிட மாட்டார். அப்பத்தாதான் உருட்டி அவர் வாயில் போடும். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த அரசாங்கமும் எங்கள் பூட்டன் கையில் மை தடவிய அரசாங்கமும் ஒன்றுதான்.”

நான் இதைச் சிவப்பு மையால் அடிக்கவில்லை. அது முக்கியம் என்று அப்போது நினைத்தேன், இப்போதும் சில நாள் நினைக்கிறேன். பென்சிலால் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் “நேரம் கருதி” என்று எழுதினேன். ஆசிரியர்கள் பேச்சைச் சுருக்கும்போது எழுதும் வழக்கமான சொல்தான்.

“ஏன் சார், இது வேணாமா?”

“பென்னிகுயிக்குக்கும் இந்தச் சட்டத்துக்கும் என்னம்மா சம்பந்தம்? அவர் 1911 மார்ச்சிலேயே இறந்துட்டார். ஒரு சாதியையே குற்றவாளின்னு பதிவு பண்ணின குற்றப் பரம்பரைச் சட்டம் நம்ம மாகாணத்துக்கு வந்ததே 1911-லதான்.”

“அவர் போட்டாருன்னு நான் எழுதல சார். கவர்மெண்ட்னுதான் எழுதியிருக்கேன்.”

சரியாகத்தான் சொன்னது. அதனால்தான் நான் அடுத்த காரணத்துக்குத் தாவினேன். வகுப்பில் இருபது வருஷமாகச் சொல்லிவந்த வாக்கியம் அது. நாக்கு தானாகவே சொல்லிவிடும். “இன்னைக்குப் படியால அன்னைக்கு நெல்லை அளக்கக் கூடாதும்மா. அது வேற காலம். அந்தக் காலத்து நியாயம் வேற. அப்ப அவங்களுக்கு அது தப்புன்னு தெரியாது.”

அதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது. கோபத்தில் கேட்கவில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஏதோ தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் முகத்தோடு கேட்டது. பாடம் நடத்துகிறவனாக இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஒரே சொல். தெரியும்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மேடை வகுப்பறை கிடையாது. நாலு ஊர்க்காரர்கள், எல்லாச் சாதிக்காரர்களும் வந்து உட்காரும் இடம். கட்சிக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளை மைக்கைப் பிடித்துத் தன் குடும்பம் கைரேகை வைத்த குடும்பம் என்று சொன்னால், கேட்கிறவர்களில் எத்தனை பேர் சட்டத்தின் மேல் கோபப்படுவார்கள், எத்தனை பேர் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பார்கள்? மறுநாள் வகுப்பில் ஏதாவது ஒரு பையன் ஒரு சொல் சொல்லிவிட்டால்? அந்தச் சொல்லை இந்தப் பள்ளத்தாக்கில் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை அதிலிருந்து காப்பாற்ற நினைத்தேன். இது பொய்யில்லை.

ஆனால் இந்தக் காரணத்தை நான் அதனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது யோசித்து முடிவெடுத்திருக்கும். “பரவாயில்லை சார், நான் சொல்றேன்” என்றுகூடச் சொல்லியிருக்கும். நான் சொன்ன காரணம் வேறு, என்னிடம் இருந்த காரணம் வேறு. என் பயத்தை வரலாற்றுக் கொள்கையாக மாற்றி ஒரு மாணவியிடம் கொடுத்தேன்.

அந்தக் கொள்கையாவது சரியா என்று பிறகு எத்தனையோ ராத்திரி யோசித்திருக்கிறேன். அது முழுக்கத் தப்பு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ராஜராஜன் காலத்தில் ஓட்டுரிமை இல்லை என்று குறை சொல்லும் பையனை நான் திருத்தத்தான் வேண்டும். ஆனால் வெள்ளைக்காரன் விஷயத்தில் “அந்தக் காலத்து நியாயம்” என்று சொல்லும்போதெல்லாம் நாம் யாருடைய நியாயத்தைச் சொல்கிறோம்? கச்சேரித் திண்ணையில் உட்கார்ந்து மகள் கையால் களி வாங்கித் தின்ற மனிதரும் அந்தக் காலத்து ஆள்தானே. சட்டத்தை எழுதியவர் நியாயம் காலத்தின் நியாயம் ஆகிவிட்டது, இவர் நியாயம் கணக்கிலேயே வரவில்லை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மாட்டோம் என்று ஊரே நின்றது. துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் உயிர் விட்டார்கள். மாயக்காள் என்ற பெண் அவர்களில் ஒருவர். அது அநியாயம் என்று சொல்ல அவர்களுக்கு நம் காலத்துப் படி தேவைப்படவில்லை. மதுரையில் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் அந்த மக்களுக்காக வழக்காடினார். செங்கன்னூரில் பிறந்த மலையாளி. இந்தப் பக்கத்து மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாத விஷயமா? தெரியும். பெருங்காமநல்லூர் நினைவிடத்துக்கு நானே மாணவர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன். தெரிந்திருந்தும் அந்தப் பிள்ளையிடம் “அப்ப அவங்களுக்குத் தெரியாது” என்று சொன்னேன்.

வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே தெரிந்தவர்கள் இருந்தார்கள். பென்னிகுயிக் கதையைத் தாது வருஷப் பஞ்சத்திலிருந்துதான் நான் எப்போதும் தொடங்குவேன். அந்த 1876–78 பஞ்சத்துக்குப் பிறகுதான் பழைய பெரியாறு யோசனைக்கு வேகம் வந்தது. பஞ்சத்தின் நடுவே, 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் விக்டோரியா ராணியை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்து வைஸ்ராய் லிட்டன் தர்பார் நடத்தினார். அதே மாதம் பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட லிட்டன் அரசாங்கம் அனுப்பிச் சென்னை மாகாணத்துக்கு வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வைத்துக்கொண்டு மண் சுமக்க வேண்டும்.

இந்த டெம்பிள் மூன்று வருஷத்துக்கு முன்பு 1874-இல் பீகார்ப் பஞ்சத்தைப் பார்த்தவர். அங்கே பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்தார், சாவு மிகக் குறைவாக இருந்தது. பணத்தை வாரி இறைத்துவிட்டார் என்று அவருக்குக் கெட்ட பெயர் வந்தது. சென்னைக்கு வந்தபோது கையை இறுக்கிக்கொண்டார். அப்படியென்றால் எப்படிக் காப்பாற்றுவது என்று அவருக்குத் தெரியும். செய்து காட்டியவரே அவர்தான்.

சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் அப்போதே எதிர்த்தார். இந்த அளவில் வேலை செய்கிற உடம்பு தாங்காது, ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எழுதினார். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியைக் கூட்டியது. அதற்குள் செத்தவர்கள் செத்துப்போனார்கள். பஞ்சம் முடிந்தபோது மொத்தச் சாவு ஐம்பது லட்சத்துக்கும் மேல். கார்னிஷ் டெம்பிளின் அளவைத் தவறு என்று சொன்னது 1877-இல், டெம்பிளின் முகத்துக்கு நேரே, அதே அரசாங்கத்து வேலையில் இருந்துகொண்டு. அவர் கையில் இருந்ததும் அந்தக் காலத்துப் படிதான்.

இதை இப்போது எழுதும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் இதே தெளிவோடு பென்னிகுயிக்கிடம் போனால் என் கால் தடுமாறுகிறது.

என் அப்பா ஒன்றேகால் ஏக்கரில் இருபோகம் விளைவித்து எங்கள் நாலு பேரையும் படிக்க வைத்தார். பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இப்படி இரண்டு போகம் விளைகிறது. எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மீசை வைத்த அந்த ஆங்கிலேயர் படமும் இருக்கிறது. நான் அதற்குக் கைகூப்புகிறேன், மனதாரத்தான் கூப்புகிறேன். லோயர் கேம்ப் மணிமண்டபத்துக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. அவர் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை மட்டும் பல வருஷம் முன்பே வகுப்பில் நிறுத்திவிட்டேன். அணைக்கு ஆன செலவு அரசாங்கச் செலவு. அந்தக் கதை இல்லாமலே அவர் எனக்குப் பெரியவர்.

அவரைப் போற்றும்போது நான் எந்தப் படியை எடுக்கிறேன்? இன்றைய படியைத்தான். இன்று என் வயலில் நிற்கும் நெல்லை வைத்துத்தான் 1895-ஐ அளக்கிறேன். நன்றி சொல்லக் காலம் குறுக்கே நிற்பதில்லை, கணக்குக் கேட்கும்போது மட்டும் “அது வேற காலம்” என்று எழுந்து நிற்கிறது. அப்படியானால் இரண்டையும் கேட்க வேண்டும். 8,000 ஏக்கரை ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வாடகைக்கு 999 வருஷத்துக்கு எழுதிக் கொடுத்த திருவிதாங்கூருக்கு அதில் எவ்வளவு மனம் இருந்தது என்று கேட்க வேண்டும். அணை கட்டும்போது காய்ச்சலிலும் காலராவிலும் செத்த கூலிக்காரர்களின் கல்லறைகள் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்கள் வீட்டுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். தண்ணீர் மேலூர்ப் பக்கம் போனபோது உசிலம்பட்டிப் பக்கம் ஏன் போகவில்லை என்றும் கேட்க வேண்டும். அங்கே உள்ளவர்கள் 58 கிராமக் கால்வாய்க்காக நம் காலம் வரைக்கும் போராடினார்கள். தண்ணீர் போகாத ஊருக்குத்தான் சட்டம் போனது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நிற்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் முடிகிறது, ஒருநாள் முடியவில்லை.

இன்னொன்றும் என்னைக் குழப்புகிறது. கைரேகை உருட்டிய கை வெள்ளைக்காரன் கை கிடையாது. ஏட்டையா நம் ஆள், பதிவேடு எழுதியவர் நம் ஆள், “இந்த ஊர்க்காரன் எல்லாம் அப்படித்தான்” என்று சாட்சி சொன்ன பெரிய மனிதர்களும் நம் ஆட்கள். அதே சட்டத்தின் ஏற்பாட்டில்தான், கைரேகை வைத்த கள்ளர் சாதியின் பிள்ளைகளுக்காகக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வந்தன. அப்பனைக் கச்சேரியில் படுக்க வைத்த அரசாங்கம் மகனுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அங்கே படித்து ஆளானவர்களில் என் சக ஆசிரியர்களும் உண்டு. இதை எந்தத் தட்டில் வைப்பது? தராசைக் கீழே வைத்துவிட்டு நடந்ததை நடந்தபடி சொல்வதே போதும் என்று சில நேரம் தோன்றும். பிறகு நினைவு வரும், அந்தப் பிள்ளையும் நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருந்தது. “அநியாயம்” என்ற சொல்கூட அதன் நான்கு பக்கத்தில் இல்லை. கேள்வியில்தான் வந்தது, அதுவும் நான் “தப்புன்னு தெரியாது” என்று தொடங்கிவைத்த பிறகு.

விழாவில் நன்றாகப் பேசியது. கைதட்டல் ஓயவில்லை. எவர்சில்வர் குடம் ஒன்று பரிசு கொடுத்தார்கள். “பிள்ளையை நல்லா தயார் பண்ணியிருக்கீங்க சார்” என்று என் கையைப் பிடித்துச் சொன்னார் ஒரு பெரியவர்.

இரண்டு வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு காதுகுத்து. அழைத்திருந்தார்கள், போனேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அது வேண்டியிருந்தது. எதற்கு என்று அப்போது தெரியவில்லை, இப்போது தெரிகிறது. நான் செய்தது சரி என்று யாராவது சொல்ல வேண்டும்.

“உங்க அய்யா கைரேகை வச்ச கதையைப் பேத்தி எழுதியிருந்துச்சு ஆத்தா.”

அது என்னைப் பார்க்கவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளியபடியே, “அதெல்லாம் எதுக்கு வாத்தியாரய்யா இப்ப” என்றது. பிறகு, “கறி வச்சாங்களா உங்களுக்கு?” என்று பேச்சை மாற்றிவிட்டது.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. பாதிக்கப்பட்டவர்களே பேச விரும்பாத விஷயத்தை நான் மேடையேற விடவில்லை, நல்லதுதான் செய்தேன் என்று நினைத்தேன். படுத்த பிறகு இன்னொன்று தோன்றியது. பேச விரும்பாத அப்பத்தா பேத்தியிடம் மட்டும் ஏன் சொன்னது? வலது கையால்கூட அவர் சாப்பிட மாட்டார் என்பது வரைக்கும் சொல்லியிருக்கிறதே. என்னிடம் சொல்லாததற்கு வெட்கம் காரணமா, இல்லை நான் கேட்ட விதம் காரணமா? அந்த விஷயத்துக்கு ஏற்கனவே அடைப்புக்குறி போட்டவன் வந்து கேட்கிறான் என்று அதற்குத் தெரிந்திருக்குமோ? அடுத்த வருஷம் அப்பத்தா தவறிவிட்டது. சாவுக்குப் போனேன். அங்கே இதையெல்லாம் யாரிடம் கேட்பது.

அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருந்த சாதிகளுக்குக் கொடுக்கும் சீர்மரபினர் சான்றிதழ் சம்பந்தமாகப் பழைய மாற்றுச் சான்றிதழ் நகல் வேண்டும் என்று அந்தப் பிள்ளை ஒருநாள் பள்ளிக்கு வந்தது. மதுரையில் வேலை, கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது. அலுவலகத்தில் எழுத்தர் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தார். நாங்கள் வராந்தாவில் வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றோம். நானாகப் பேச்சை எடுக்கலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அதுவே சொன்னது.

“சார், அந்தப் பென்னிகுயிக் பேச்சு இன்னும் எனக்கு வரி மாறாம மனப்பாடம் சார்.”

“அப்படியா?”

சிரித்துக்கொண்டே தொடங்கியது. ஒப்பந்தம், காட்டு வெள்ளம், காய்ச்சல், கவர்னர் வென்லாக். மூன்றாம் பக்கத்து நடுவுக்கு வந்ததும் ஒரு மூச்சுக்கூட விடவில்லை. நேராக “ஆகவே பெரியோர்களே” என்று கடைசிப் பத்திக்குப் போய் நன்றி வணக்கம் சொல்லி முடித்தது. நான் சுருக்கிக் கொடுத்த வடிவம், ஒரு சொல் பிசகாமல்.

எழுத்தர் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக்கொண்டு, “வர்றேன் சார்” என்று கிளம்பியது. கையால் எழுதிய அந்த நான்கு பக்கமும் என் வீட்டுப் பீரோவில் கோப்புக்குள் இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை.